வலது காலில் படித்த பாடம்

பிசியோதெரபி படிக்கும் மனைவிக்குப் புத்தகத்தைவிடக் கணவனின் வலது கால்தான் அதிகம் உதவியது. வேன் ஓட்டிக் களைத்து வரும் மனிதன் குளித்த கையோடு கட்டிலில் குப்புற விழுவான். கட்டிலின் இடது பக்கம் சுவர். அதனால் அவள் எப்போதும் வலது பக்கம் உட்கார்ந்து, பின்தொடையைத் தடவித் தடவித் தசைகளின் பெயரை மனப்பாடம் செய்வாள். தன் பக்கத்தில் ஒன்று, பைசெப்ஸ் ஃபெமோரிஸ். தள்ளி இரண்டு, செமிடெண்டினோசஸ், செமிமெம்பிரனோசஸ். முட்டிக்குப் பின்னால் விரல் வரும்போது அவனுக்குக் கூச்சம் தாங்காது. தலையணையைக் கடித்துக்கொள்வான். இரண்டு மாதத்தில் அவனுக்கே எல்லாம் அத்துப்படி.

செய்முறைப் பரீட்சை அவளுக்கு இது மூன்றாவது தடவை. இதிலும் கோட்டைவிட்டால் கல்லூரியில் இடமில்லை. நாத்தனாரின் ஜெராக்ஸ் கடையில்தான் போய் நிற்க வேண்டும். நகல் எடுப்பதுகூடப் பரவாயில்லை, நாத்தனார் பேசுவதை யார் கேட்பது?

தொட்டுக் காட்ட மாதிரிக்கு ஆளை மாணவர்களே கூட்டி வர வேண்டும், வந்த ஆள் வாயைத் திறக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். பரீட்சை மேசையில் அவன் குப்புறப் படுத்தான். அவள் பழக்கதோஷத்தில் வலது பக்கம் போய் நின்றாள். தேர்வாளர் அம்மாள் இடது காலைக் காட்டினார். முட்டியை மடக்கச் சொல்லி, தசைகளைத் தொட்டுப் பெயர் சொல்லச் சொன்னார்.

அவள் தனக்குப் பக்கத்தில் இருந்ததைத் தொட்டு, கணீரென்று பைசெப்ஸ் ஃபெமோரிஸ் என்றாள். இடது காலில் அவளுக்குப் பக்கத்தில் இருந்தது உள்பக்கம். கால் அவனுடையது, எது உள்பக்கம் என்று அவனுக்குத் தெரியாதா? உள்பக்கம் இரண்டல்லவா இருக்க வேண்டும்? சொல்லவும் முடியவில்லை, சும்மா கிடக்கவும் மனசு கேட்கவில்லை. அந்த இரண்டும் புடைத்துக்கொண்டு தெரியட்டும் என்று பாதத்தை உள்பக்கமாகத் திருப்பினான். அவள் கவனிக்கவில்லை. இன்னும் முறுக்கினான்.

நாளெல்லாம் வேனில் உட்கார்ந்தே இறுகிப்போன தசை அது. சுருட்டிப் பிடித்துக்கொண்டது. அவன் போட்ட அலறலில் அடுத்த மேசைக்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

அவளுக்குப் பரீட்சை மறந்துபோனது. அவனைப் புரட்டிப் போட்டு, குதிகாலை ஏந்தி, முட்டியை நீட்டிக் காலை உயர்த்தினாள். மறு கை வலித்த இடத்தைத் தேடியது. கல்லாக இறுகியிருந்தது உள்பக்கம். அவள் முகம் மாறியது.

"மேடம், மாத்திச் சொல்லிட்டேன். உள்பக்கம்தான் ரெண்டு. பைசெப்ஸ் வெளிப்பக்கம்."

"பாதம் ஏன் உள்ள திரும்பிச்சு?" என்றார் அம்மாள்.

"மடக்கின கால அந்த ரெண்டும்தான் உள்ள திருப்பும், மேடம்."

அம்மாள் மதிப்பெண்ணைப் போட்டார். அதை எட்டிப் பார்த்தவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் வலியோடு பல்லைக் காட்டினான்.

"பாஸும்மா," என்றார் அம்மாள். "ஆனா அடுத்த பரீட்சைக்கு வேற கால் கொண்டு வா. இது பதில் சொல்லிக் கொடுக்குது."