ஒருமுறை கூண்டாக இருந்த தண்ணீர்

1

இந்தக் கதை பிறந்த விதத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என்னிடம் எழுத ஒன்றுமில்லை. அக்காவிடம் ஏராளமாக இருந்தது. அவள் ஓர் ஆய்வகத்தில் புகைபோக்கிப் புகையைத் தண்ணீருக்குள் அடைத்துக்கொண்டிருந்தாள். கூடவே மூன்று நாள் இருந்து பார்த்து எழுதுகிறேன் என்று மூக்கை நுழைத்தேன். "சும்மா உக்காந்திருக்கக் கூடாது, கைவேலை செய்யணும்" என்ற நிபந்தனையோடு சம்மதித்தாள்.

நான் எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

தண்ணீர் ஒரு சிறைச்சாலை என்பதை அவள்... (அக்கா சிரித்தாள். அடித்துவிட்டேன்.)

பனியின் கருப்பையில் உறங்கும்... (இதற்கு அவள் சிரிக்கக்கூட இல்லை.)

பிறகு அவளே சொன்னாள்: "குளிரும் அழுத்தமும் சேர்ந்தா தண்ணி கூண்டு கூண்டா உறையும். ஒவ்வொரு கூண்டுலயும் ஒரு வாயு மூலக்கூறு மாட்டிக்கும். கரியமில வாயு சுலபமா மாட்டும், நைட்ரஜன் அவ்வளவா மாட்டாது. அப்படியே ரெண்டையும் பிரிச்சிடலாம். அவ்வளவுதான்டா."

என் இரண்டு வரிகளையும்விட இது மேல் என்று இங்கே பதிவு செய்துவைக்கிறேன்.

2

சிக்கல் என்னவென்றால், கூண்டு உருவாக நேரமாகும். நான் போவதற்கு முந்தின நாள் வெறும் தண்ணீர் ஒன்பது மணி நேரம் எடுத்துக்கொண்டதாம். நான் போன அன்று அக்கா இரும்புக் கலனுக்குள் உறைவதை வேகப்படுத்தத் தான் கண்டுபிடித்த ஒரு வகைச் சிறு மணிகளைப் போட்டாள். நாற்பது நிமிடத்தில் உறைந்தது. மறுநாள் நாற்பத்திரண்டு. மூன்றாம் நாள் முப்பத்தெட்டு. அக்கா நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். ஆறு வருட உழைப்பு பலித்துவிட்டது.

நாளை காலை பத்து மணிக்கு ஆய்வுக் குழு கூடுகிறது. மணிகள் வேலை செய்கின்றன என்று நம்பினால் ஒரு தொழிற்சாலைப் புகைபோக்கியின் பக்கத்தில் பெரிய தொட்டி கட்டுவார்கள். நம்பாவிட்டால் அவளுடைய பிரிவையே இழுத்து மூடிவிடுவார்கள்.

[கதைக்கு நெருக்கடி வேண்டுமே என்று நான் இட்டுக்கட்டியதல்ல. எனக்கு அவ்வளவு சாமர்த்தியம் போதாது.]

3

கதையில் கொஞ்சம் வேடிக்கை சேர்க்கலாம் என்று ஓர் ஆய்வக உதவியாளரை உண்டாக்கினேன். சிக்கனக்காரர். 'கலனில் இருக்கிற தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்புங்கள்' என்று சொன்னால், பளிங்கு மாதிரி இருக்கிற தண்ணீரைக் கொட்ட மனசு வராமல் அதையே திரும்ப ஊற்றிவைப்பார். இன்று மதியம் அந்தப் பகுதியை அக்காவுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன்.

"எங்க லேப்ல உதவியாளே கிடையாது. இருந்தா உன்னை ஏன்டா வேலை வாங்குறேன்? அதுவும் இல்லாம, அப்படி யாரும் செய்ய மாட்டாங்க."

"ஏன்?"

"ஒருதடவை கூண்டா இருந்த தண்ணி, உருகினதும் அதை லேசுல மறக்காது. அடுத்த தடவை சீக்கிரமா உறைஞ்சிடும். மணி போட்டாலும் போடாட்டியும். அப்புறம் சோதனைக்கு என்ன அர்த்தம்?"

நான் "ஓகோ" என்றேன். என் எழுத்து வாழ்க்கையிலேயே மிகப் பலவீனமான வசனம் அது.

4

அந்தச் சிக்கனக்காரர் நான்தான். தினமும் கலனின் தண்ணீரை மாற்றுவதுதான் அக்கா எனக்குக் கொடுத்திருந்த கைவேலை.

(இதைச் சுற்றி வளைத்து நான்கு பத்தி எழுதியிருந்தேன். தூய நீர் தயாரிக்க எவ்வளவு நேரமாகிறது, வீணாக்குவது எவ்வளவு தப்பு என்றெல்லாம். அத்தனையும் சப்பைக்கட்டு. எடுத்துவிட்டேன்.)

சாயங்காலம்வரை மூன்று முடிவுகள் யோசித்தேன். ஒன்று: தம்பி வாயே திறப்பதில்லை, தொட்டி கட்டுகிறார்கள், ஊரறிய அது தோற்கிறது. இரண்டு: கதையை அச்சுக்குக் கொடுத்து, அக்காவே நான்காம் பகுதியைப் படித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறான். மூன்றாவது...

மூன்றாவதை எழுதும்போது அவளே கூப்பிட்டாள்.

5

"கதை முடிஞ்சதா?"

நான்காம் பகுதியின் முதல் வரியை வாசித்தேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"மூணு நாளுமா, ஒரு நாளா?"

மேசையிலிருந்த குறிப்பேட்டை இழுத்தேன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லு. ஒரு நாள்தான்னா மத்த ரெண்டு அளவும் நிக்கும்."

குறிப்பேட்டைப் புரட்டினேன். கலனின் பளபளப்பைப் பற்றிப் பதினோரு உவமைகள் இருந்தன. தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒரு நாள் என்று சொல்லிவிடலாம், அவள் நம்புவாள், அவளுக்குப் பாதி பிழைக்கும். இட்டுக்கட்டுவது என் தொழில்தானே? நாக்கு நுனிவரை வந்தது.

"ஞாபகம் இல்லக்கா."

"அப்ப மூணையும் அடிச்சிட வேண்டியதுதான்" என்றாள். குரல் உடைந்திருந்தது. எனக்கு அழுகை வந்தது, என் மேலேயே அருவருப்பாகவும் இருந்தது. அவள்தான் மேலே பேசினாள்: "ராத்திரி கலன் குளிரட்டும். காலைல ஏழு மணிக்குப் புதுத் தண்ணி ஊத்திப் பாக்குறேன். பத்து மணிக்குள்ள தெரிஞ்சிடும். எதுவானாலும் அதைத்தான் குழுகிட்ட சொல்லுவேன். நீயும் வா. எதையும் தொடாத."

உறைந்தது என்று ஒன்றும், உறையவில்லை என்று ஒன்றுமாக இரண்டு கடைசிப் பத்திகள் எழுதினேன். இரண்டுமே நன்றாக வந்திருந்தன, அதனால் கிழித்துப்போட்டேன். உங்களுக்கு வேண்டுமானால் பிடித்ததை எழுதிக்கொள்ளுங்கள். மணிகள் உண்மையிலேயே வேலை செய்யலாம், செய்யாமலும் போகலாம். நான் ஏழு மணிக்கு அங்கே போய், கையைக் கட்டிக்கொண்டு நின்று, என்ன நடக்கிறது என்று பார்க்கப் போகிறேன்.