ரோட்டுக்கு மேற்கே மழை

எங்கள் ஊரில் மழை என்று எவனாவது ஒரு சொல் சொல்லிவிட்டால் பந்தியில் உட்கார்ந்திருக்கிறவன்கூட எழுந்து கையை உதறிக்கொண்டு ஓடுவான். யாரும் கோபிக்க மாட்டார்கள். என் தம்பி தாலி கட்டிய அன்று சாயங்காலமே பட்டு வேட்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டு விதைக்கப் போனான். பெண் வீட்டார் அதைப் பெருமையாகத்தான் ஊரெல்லாம் சொன்னார்கள். மழையை மட்டும் நம்பிய மானாவாரிக் கரிசல். ஈரம் இருக்கிற ரெண்டு மூணு நாளில் விதை மண்ணுக்குள் போகவில்லையென்றால் அந்த வருஷப் பிழைப்பு அவ்வளவுதான்.

என் மகள் உமாராணி சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். "யம்மா, ஒரு தடவை வாங்க, ஊரைச் சுத்திக் காட்டுதேன்" என்று வருஷக்கணக்காகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மழை தள்ளிப்போன இந்தப் புரட்டாசியில், ஆயுத பூசை லீவுக்கு ஒருவழியாகக் கிளம்பினோம். ஊர் சுற்றிப் பார்க்க என்றுதான் என் வீட்டுக்காரர் சங்கரபாண்டியிடம் சொல்லியிருந்தோம். உள் விஷயம் எனக்கு மட்டும் தெரியும். உமா தன்னோடு வேலை பார்க்கிற ஹரிஹரசுதன் என்ற பையனைக் கட்ட நினைக்கிறாள். சேலத்துப் பக்கம், சாதி வேறு. ரெண்டாம் நாள் சாயங்காலம் மெரினாவில் அவன் அப்பாவும் அம்மாவும் வந்து நிற்பார்கள். தற்செயலாகப் பார்க்கிறது மாதிரி பார்த்து, நாலு வார்த்தை பேசி, சுண்டல் வாங்கித் தின்றுவிட்டுப் பிரிவோம். வெறும் பேச்சாகச் சொன்னால் இவர் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். ஆட்களை நேரில் பார்த்துவிட்டால் கொஞ்சம் இளகுவார். நானும் அவளும் அப்படித்தான் கணக்குப் போட்டோம்.

எழும்பூரில் இறங்கினால் உமா பக்கத்தில் அந்தப் பையனும் நிற்கிறான். பை தூக்க வந்தானாம். இது எங்கள் கணக்கில் இல்லாதது.

"கூட வேலை பாக்குத பையன்ப்பா" என்றாள் உமா.

இவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "எந்த ஊரு தம்பி?"

"ஆத்தூர் பக்கங்க."

"அப்பா என்ன செய்யுதாவ?"

"வாத்தியாரா இருந்து ரிட்டயர்டு ஆயிட்டாருங்க."

"அப்பா பேரு?"

சொன்னான். இவர் தலையை ஆட்டிக்கொண்டார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அடடே, பையனைப் பிடித்துப்போய்விட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு இருக்கிற அறிவுக்கு என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அன்றைக்கெல்லாம் மகள் எங்களைக் கால் தரையில் பாவ விடவில்லை. வண்டலூரில் வெள்ளைப்புலி, தி.நகரில் எனக்கொரு சேலை, பூமிக்கடியில் ஓடுகிற மெட்ரோ ரயில். "நம்ம கரிசலா இருந்தா இந்நேரம் வெடிச்சு ரயிலு உள்ள போயிருக்கும்" என்று இவர் சொல்ல, உமா சத்தம்போட்டுச் சிரித்தாள். ரங்கநாதன் தெரு நெரிசலில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். ராத்திரி லாட்ஜில் எங்களை விட்டுவிட்டுக் கிளம்பும்போது என் காதில் சொன்னாள்: "யம்மா, அப்பா நல்ல சந்தோசமா இருக்காவ. நாளைக்கு எல்லாம் சரியா வந்துரும் பாரு." அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

மறுநாள் காலையில் ஓட்டலில் இட்லி தின்றுகொண்டிருந்தோம். இவர் போன் அடித்தது. எங்கள் புஞ்சைக் காட்டுக்குப் பக்கத்துக் காட்டுக்காரன் திருப்பதி. சத்தத்தில் கேட்கவில்லை என்று எழுந்து வெளியே போய்ப் பேசினார். திரும்பி வந்தவர் உட்காரவில்லை.

"மழையாம். விடிய விடியக் கொட்டியிருக்கு. கிளம்பு."

"யப்பா, நாளைக்கு ராத்திரிக்கு டிக்கெட் எடுத்திருக்கேன்லா" என்றாள் உமா. "இன்னைக்குச் சாயங்காலம் பீச்ச மட்டும் பாத்துட்டு..."

"பீச்சு எங்கயும் ஓடிராது. ஈரம் ஓடிரும். இப்பமே கிளம்பிப் போய்ச் சொன்னாத்தான் டிராக்டர் வரும்."

அந்த இடத்தில் நான் குறுக்கே விழுந்திருக்க வேண்டும். என்ன செய்தேன் தெரியுமா? மழை என்று காதில் விழுந்ததும் கை கழுவினேன், லாட்ஜுக்கு நடந்தேன், கொடியில் கிடந்த சேலையை உருவிப் பையில் வைத்தேன். எந்த மழை, எவ்வளவு மழை என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. பைக்கு ஜிப் போட்டுவிட்டு நிமிர்ந்த பிறகுதான் மகள் வாசலில் நிற்பதைப் பார்த்தேன்.

"யம்மா, நீயுமா?"

"ஈரம் போயிருமேட்டி" என்றேன்.

கிளாம்பாக்கம் வரை வந்து பஸ் ஏற்றிவிட்டாள். ஜன்னல் பக்கம் வரவில்லை. தூரத்திலேயே நின்றாள். திருச்சி தாண்டும்போது கூப்பிட்டாள்.

"அவிய வந்து நிக்காவம்மா. அந்த அம்மா எனக்குப் பூ வாங்கிட்டு வந்திருக்காவ. நான் என்னத்தச் சொல்ல?"

பக்கத்தில் இவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நான் வாயைப் பொத்திக்கொண்டு, "மழைன்னு சொல்லுட்டி" என்றேன்.

"மழைன்னா அவியளுக்கு என்னம்மா புரியும்?"

இருட்டும்வரை நின்றுவிட்டுப் போனார்களாம். பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தங்கள் மூஞ்சியில் விழிக்கப் பிடிக்கவில்லை போல என்று அந்த வாத்தியார் சொன்னாராம். அவரைக் குற்றம் சொல்ல முடியுமா?

நடுராத்திரி கோவில்பட்டியில் இறங்கி, பஸ் ஸ்டாண்டிலேயே கிடந்துவிட்டு, விடிகிற நேரம் ஊருக்குப் பஸ் பிடித்தோம். எங்கள் தெருவெல்லாம் சகதி. மனசு அந்த நிலைமையிலும் குளிர்ந்தது. பையை வைத்த கையோடு ரெண்டு பேரும் காட்டுக்கு நடந்தோம். தார்ரோட்டுக்கு மேற்கே எங்கு பார்த்தாலும் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. ரோட்டைத் தாண்டினேன். எங்கள் காடு காய்ந்து, கால் உள்ளே போகிற மாதிரி வெடித்துக் கிடந்தது. ஒரு சொட்டு விழவில்லை. எங்கள் பக்கம் மழை இந்த ஓரவஞ்சனையை எப்போதும் செய்வதுதான். ஐயோ, மனுஷர் இவ்வளவு தூரம் ஓடி வந்தாரே என்று நான் இவருக்காக வருத்தப்பட்டேன். ஆமாம், இவருக்காக.

அப்போதுதான் திருப்பதி வந்தான்.

"என்ன மைனி, அதுக்குள்ள வந்துட்டிய? அண்ணாச்சிட்ட நேத்தே போன்ல சொன்னனே, ரோட்டுக்கு மேக்கதான் பேஞ்சிருக்கு, நம்ம பக்கம் பொட்டுத் தண்ணி இல்ல, நிதானமாச் சுத்திப் பாத்துட்டு வாங்கன்னு."

நான் திரும்பிப் பார்த்தேன். இவர் குனிந்து ஒரு கட்டியை எடுத்து விரலால் நொறுக்கிக்கொண்டிருந்தார். திருப்பதி போகும்வரை பொறுத்தேன்.

"தெரிஞ்சுதான் இழுத்துட்டு வந்தீங்களா?"

"பை தூக்க எவனும் சும்மா வருவானா? எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?" என்றார். "உம்மவ வாய்க்கு வாய் பீச்சு பீச்சுங்கா. அங்கன எவன் நிப்பான்னு தெரியாதாக்கும். அவன் அப்பன் ஆத்தா முன்னால வேண்டாம்னு மூஞ்சில அடிச்சாப்புலச் சொல்லச் சொல்லுதியா? மழைன்னு சொன்னா ஒருத்தரும் ஒண்ணும் கேக்க முடியாது. யாருக்கும் மனவருத்தம் இல்லாமப் போச்சு."

மனவருத்தம் இல்லையாம்! பாவி மனுஷன். காலுக்கடியில் கிடந்த கட்டியை எடுத்து எறிந்தேன். மேலே படவில்லை. படத்தான் எறிந்தேன். எவ்வளவு அழகாகக் கணக்குப் போட்டிருக்கிறார்! வேறு எந்தப் பொய்யைச் சொல்லியிருந்தாலும் நான் சண்டை போட்டிருப்பேன். இந்த ஒரு பொய்க்கு நானே பை கட்டிக் கொடுப்பேன் என்று அவருக்குத் தெரியும்.

உமாவிடம் நான் சொல்லவில்லை. அப்பன் பொய் சொன்னான் என்று தெரிந்தால் அவள் இந்த வாசலை மிதிக்க மாட்டாள். மழையால் வந்த கோபம் என்றால் நாளாக நாளாக ஆறிவிடும் என்று நினைத்தேன்.

ஐப்பசியில் நிஜமாகவே மழை வந்தது. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் நல்ல மழை. மண் பதம் வந்ததும் நானும் இவரும் உளுந்தை வீசிக்கொண்டு முன்னால் போனோம், டிராக்டர் பின்னாலேயே உழுது மூடிக்கொண்டு வந்தது. என் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. கையைச் சேலையில் துடைத்துவிட்டு எடுத்தேன்.

"யம்மா, இன்னைக்குக் காலைல ரிஜிஸ்டர் பண்ணிட்டோம்" என்றாள் உமா. "அவிய அப்பா அம்மா வந்திருந்தாவ."

அந்த ஈரமண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாட்டி? பெத்தவ ஓடி வந்திருப்பேனே."

"சொல்லலாம்னுதாம்மா போன எடுத்தேன். அதுலயே நம்ம ஊர்ல மழைன்னு காட்டிச்சு. விதைப்பு நடக்குமேன்னு வச்சிட்டேன்."

அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"யாரு போன்ல?" என்று இவர் கேட்டார்.

"உங்க மவ. கல்யாணம் முடிஞ்சிட்டாம். இங்கன மழைன்னு நம்மளக் கூப்பிடலையாம்."

இவர் வீச ஓங்கிய உளுந்தைத் திரும்ப மடியில் போட்டுக்கொண்டார். டிராக்டர் பக்கத்தில் வந்துவிட்டது. நான் எழுந்து மடியிலிருந்து ஒரு கை உளுந்தை அள்ளினேன்.