மயில் கூண்டுக்கு எதிரே

தட்டு வரிசை, பலகாரம், பாய் விரித்து உட்கார்ந்து பேசும் பெரியவர்கள், இவை எதுவும் வேண்டாம் என்று சாந்தாமணி முதலிலேயே சொல்லிவிட்டாள். "புள்ளைங்க ரெண்டும் ஒண்ணையொண்ணு பாக்கட்டுங்க்கா. ரெண்டுல ஒண்ணு வேண்டாம்னாலும் அதோட உட்ரோணும்."

சிங்காநல்லூர்ப் பக்கம் நூல் மில்லில் அவளோடு வேலை பார்த்த அம்புஜம்தான் இந்தக் கல்யாணப் பேச்சை எடுத்தவள். அவள் சொன்ன ஆறுச்சாமி அம்புஜத்துக்குத் தூரத்துச் சொந்தம். கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்தார். மனைவி மஞ்சள் காமாலையில் போய் மூன்று வருஷம். பதினோரு வயதில் கோகிலவாணி என்று ஒரு மகள். சாந்தாமணியின் கணவன் லாரி விபத்தில் இறந்தபோது மகன் கதிர்வேலுக்கு இரண்டு வயது. இப்போது எட்டு.

1994 ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வ.உ.சி. பூங்காவில் மயில் கூண்டுக்கு எதிரே, பதினோரு மணிக்கு என்று ஏற்பாடு. கூட வருவதாக இருந்த அம்புஜம், மாமியாருக்குக் காய்ச்சல் என்று காலையில் ஆள் அனுப்பிவிட்டாள். போகாமலே இருந்துவிடலாமா என்று சாந்தாமணி கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றாள். அதற்குள் கதிர்வேல் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். அவனிடம் அவள் எதையும் மறைக்கவில்லை. அவன் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "அங்க ட்ரெயின் ஓடுமில்ல?"

ஆறுச்சாமி முன்பே வந்து காத்திருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. எத்தனை தேய்த்தும் போகாத கிரீஸ் நகக்கண்ணில் கறுப்பாக இருந்தது. அவளைக் கண்டதும் பெஞ்சிலிருந்து எழுந்தார். மகள் எழவில்லை. அந்தப் பெண்ணின் இரட்டைச் சடையில் ஒன்று காதுக்கு மேலேயும் மற்றது கழுத்துக்குக் கீழேயும் தொங்கியது. அப்பா பின்னிவிட்ட சடை என்று பார்த்ததுமே தெரிந்தது. அதை அவிழ்த்துப் பின்னச் சொல்லிக் கை பரபரத்தது. சாந்தாமணி பெஞ்சில் உட்கார்ந்து கைகளை மடியில் கோத்துக்கொண்டாள்.

"பஸ்ஸுல கூட்டமுங்களா?" என்றார் ஆறுச்சாமி.

"இல்லீங்க. உக்கார எடம் கெடைச்சுது."

கூண்டுக்குள் மயில் முதுகைக் காட்டியபடி நின்றது. குட்டி ரயில் கூவிக்கொண்டு மரங்களுக்கு நடுவே போவதைக் கதிர்வேல் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"வா கண்ணு, போலாம்," என்று ஆறுச்சாமி அவனை அழைத்தார். "வாணி, நீயும் வா."

"எனக்கு வேண்டாம்."

அவர்கள் போன பிறகு பெஞ்சில் இருவரும் ஆளுக்கொரு ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். வாணி தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "நீங்க எங்கூட்டுக்கு வந்தா எங்கம்மா போட்டோவக் கழட்டிப் போடுவீங்களா?"

இந்தக் கேள்வியை எத்தனை நாளாகச் சுமந்துகொண்டிருந்ததோ என்று சாந்தாமணிக்குத் தோன்றியது. "கழட்ட மாட்டேன் கண்ணு. எங்கூட்லயும் ஒரு போட்டோ இருக்குது. கதிரு பள்ளிக்கூடம் போறப்ப தெனமும் அதுகிட்டச் சொல்லிட்டுத்தான் போவான். நான் வந்தா அதுவும் எங்கூட வரும். அதுக்கு நீ ஒத்துக்கோணுமே?"

வாணி யோசித்தாள். "எங்கம்மா போட்டோவுக்குப் பக்கத்துல மாட்டக் கூடாது. எதிர்ச் செவுத்துல மாட்டிக்குங்க."

"சரி."

"உங்கள அம்மான்னு கூப்புடோணுமா?"

"வேண்டாம். ஏனுங்கன்னே கூப்புடு. எனக்குக் கேக்கும்."

அந்தப் பெண்ணுக்கு உதட்டோரம் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க மயில் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆறுச்சாமியும் கதிர்வேலும் பால் ஐஸோடு வந்தார்கள். வாங்கியது மூன்றுதான். தனக்குப் பல் கூசும் என்று சொல்லி அவர் பெஞ்சை அவர்களுக்கு விட்டுவிட்டு வெயிலில் நின்றார். கதிர்வேல் ரயில் எப்படி வளைந்தது, எஞ்சினில் யார் இருந்தார் என்று வாணியிடம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தான்.

"ஏன் சாந்தா, நீயா?"

சாந்தாமணி நிமிர்ந்தாள். சூலூரிலிருந்து தன் தங்கை குடும்பத்தோடு பார்க் பார்க்க வந்திருந்த செல்லாத்தாள் நின்றுகொண்டிருந்தாள். செத்துப்போன கணவனின் அண்ணன் மனைவி. அவள் கண் ஐஸிலிருந்து வாணிக்கும், வாணியிலிருந்து ஆறுச்சாமிக்கும் போயிற்று. "இவிய ஆரு?"

மில்லில் கூட வேலை செய்பவளின் அண்ணன் என்று சொல்லிவிடலாம். வாயில் அது தயாராக இருந்தது. ஆனால் இரண்டு பிள்ளைகளும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.

"என்னையக் கட்டிக்கிறதுக்குப் பேச வந்திருக்கிறாருங்க்கா," என்றாள் சாந்தாமணி. "இது அவரு புள்ளை."

செல்லாத்தாளின் முகம் வெளுத்தது. "மாமாகிட்டச் சொன்னியா?"

"இன்னுமில்லீங்க. இன்னைக்குச் சொல்லிப்போடறேன்."

செல்லாத்தாள் தங்கையைத் தேடிக்கொண்டு நடந்துவிட்டாள்.

ஆறுச்சாமி தோள் துண்டால் முகத்தைத் துடைத்தார். "புள்ளைங்க இன்னும் ஒண்ணும் சொல்லலீங்களே. அதுக்குள்ள நீங்க..."

"இதுகளை வெச்சுக்கிட்டுப் பொய் சொல்ல வாய் வரலீங்க."

உருகிய ஐஸ் கையில் வழிந்ததை வாணி நக்கிக்கொண்டாள். பிறகு யாரையும் பார்க்காமல், "அடுத்த ஞாயித்துக்கெழமை வந்தா நானும் ட்ரெயின்ல ஏறுவேன்," என்றாள்.

அன்று சாயங்காலமே சாந்தாமணி சூலூருக்குப் போனாள். மாமனார் விஷயத்தைக் கேட்டதும் எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். மாமியார் அழுதாள். கணவனின் அண்ணன், "ஊரு என்ன பேசும்? பையனை இங்க உட்டுப்போட்டு நீ எங்க வேணா போ," என்று கத்தினார். சாந்தாமணி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கதிரை விட்டுப் போவதென்றால் இந்தக் கல்யாணத்தையே இத்தோடு விட்டுவிடுவது என்று மனதுக்குள் முடிவே செய்துவிட்டாள்.

அப்போதுதான் அடுக்களையிலிருந்து செல்லாத்தாள் வந்தாள். மதியமே திரும்பியிருந்தும் அவள் பார்க்கில் கண்டதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"பையனைப் புடிச்சு வெச்சு நாம என்ன பண்ணப்போறோம்? நான் என்ற கண்ணால பாத்தேன். மூணு பேத்துக்கும் ஐஸ் வாங்கிக் குடுத்துப்போட்டு அந்தாளு வெயில்ல நின்னாரு. நம்ம பையன் வாய் ஓயாமப் பேசிட்டிருந்தான். இங்க வந்தா அவன் ஒரு வார்த்தை பேசறானா?" புருஷனை அப்படி எதிர்த்து அவள் பேசி யாரும் கேட்டதில்லை. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு இறங்கிவிட்டார்.

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாசம் ஒருக்கா கதிரைக் கூட்டியாந்து காட்டிப்போடு அம்மணி," என்றாள்.

"ரெண்டு தடவை வாரேனுங்க அத்தை."

தை மாதம் பேரூர்க் கோயிலில் பத்துப் பேர் கூடி நடந்தது கல்யாணம். மாமனாரும் கணவனின் அண்ணனும் வரவில்லை. செல்லாத்தாள் மாமியாரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு, முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். பந்தியில் இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவே தானே உட்கார்ந்துகொண்டு, இலையில் பாயசம் ஓடாமல் இருக்கச் சோற்றால் அணை கட்ட வாணிக்குச் சொல்லிக்கொடுத்தாள்.