ஆறு பின் பூட்டு

நான் எதையும் உருப்படியாக முடித்ததில்லை என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். புல்லாங்குழல் எட்டு நாள். நீச்சல் மூன்று நாள், அதிலும் இரண்டு நாள் கரையில். என் மனைவி இதைப் பற்றி வாயைத் திறக்க மாட்டாள். புல்லாங்குழலை எடுத்து ஜன்னலுக்கு முட்டுக் கொடுப்பாள், அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் திருப்பிச் சண்டை போட்டிருக்கலாம்.

அப்புறம்தான் பூட்டில் இறங்கினேன். சாவி இல்லாமல் பூட்டைத் திறப்பது, பொழுதுபோக்காக. திருடுவதற்கல்ல என்பதை மைத்துனனுக்கு விளக்கவே ஒரு வாரம் ஆனது. இன்னமும் நான் அவன் வீட்டுக்குப் போனால் பீரோ மேல் ஒரு கண் வைத்துக்கொண்டுதான் பேசுகிறான். எங்களுக்கென்று ஒரு கிளப் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள் கடை மாடியில் கூடுவோம். தலைவர் ஒரு பல் டாக்டர், வாரம் முழுக்க ஓட்டைகளைக் குடைந்தும் ஆசை தீராதவர். சொந்தப் பூட்டைத்தான் குடைய வேண்டும், அதை எல்லோர் முன்னாலும் திறந்துகாட்டினால்தான் உறுப்பினர் ஆகலாம் என்பது அங்கே சட்டம்.

நான் வாங்கியது உள்ளங்கை அகலப் பித்தளைப் பூட்டு. உள்ளே ஆறு பின், அதாவது சாவி பட்டு மேலே ஏற வேண்டிய குட்டி உருளைகள். "புதுசா கத்துக்கறவங்களுக்கு நாலு பின் போதுமே சார்" என்றார் கடைக்காரர். கேட்டால்தானே! அன்றைக்கே சாவியை மனைவியிடம் கொடுத்து, "கால்ல விழுந்து கேட்டாலும் தராதே" என்றேன். இவள் முன்னால் ஒரே ஒரு தடவை ஜெயித்துக்காட்ட வேண்டும். வேறு எந்த ஆசையும் எனக்கு இல்லை.

சொல்லக் கேட்டால் வேலை சுலபம். வளைந்த கம்பி ஒன்றைத் துவாரத்தில் செருகி லேசாகத் திருகியபடி, இன்னொரு கம்பியால் பின்களை ஒவ்வொன்றாக மேலே தள்ள வேண்டும். சரியான உயரம் வந்தால் 'டிக்' என்று ஒரு சத்தம். ஆறு டிக் கேட்டால் திறந்துவிடும். எனக்கு நாலு டிக் கேட்கும். அதற்குள் கை வியர்த்து, கம்பி நழுவி, நாலு பின்னும் பழைய இடத்துக்கே போய் உட்கார்ந்துகொள்ளும். மூன்று மாதம் இதே கதை. சாப்பாட்டு மேஜையில், டிவி முன்னால், பஸ்ஸில். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் பையை அணைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார், நான் தாராளமாகக் காலை நீட்டிக்கொண்டேன்.

ஒரு வியாழக்கிழமை மாலை பூட்டு திறந்துகொண்டது. முழுசாக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஒரே ஒரு டிக்தான் கேட்டது. மற்ற ஐந்தும் என் கைக்குப் பயந்து சத்தமில்லாமல் வழிவிட்டன என்று நினைத்துக்கொண்டேன். நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினேன். மனைவி கை தட்டினாள். நாற்காலியிலிருந்து இறங்கிய கையோடு டாக்டருக்குப் போன் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் நாற்பது விநாடியில் திறந்தேன். ஒரே கைதட்டல். "ஆறு பின்னா? குடுங்க, நானும் பார்க்கறேன்" என்று டாக்டர் வாங்கிப் பூட்டிவிட்டுக் கம்பியை உள்ளே விட்டார். சொத்தைப் பல்லைப் பார்த்த மாதிரி முகம் மாறியது.

"இதுல ஒரு பின்தானே இருக்கு? மத்த அஞ்சு இடமும் காலி."

பஸ் கண்டக்டர் ஒருவர் எங்கள் உறுப்பினர். அவர் அதை வாங்கிப் பல்குச்சியால் திறந்துகாட்டினார்.

"பூட்டோட வளையத்தைத் திறந்தாதான் பின்னை வெளியே எடுக்க முடியும், அதுக்குச் சாவி வேணும்" என்றார் டாக்டர். "சாவி யார்கிட்ட இருக்கு?"

"வீட்ல" என்றேன். மாடியே அதிரச் சிரித்தார்கள். நான் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறவன். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் கண்டுபிடித்துவிடுவேன் என்று பெருமை வேறு. ஐந்து பின் விட்டுப்போனதைக் கண்டுபிடிக்கவில்லை.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். வழியெல்லாம் மனைவியைக் கேட்க வேண்டிய கேள்விகளை அடுக்கிக்கொண்டு வந்தேன். பாவம், பிழைத்துப் போகட்டும் என்று எனக்கு ஒரு வெற்றியைப் பிச்சை போட்டிருக்கிறாள்!

அவள் துவைத்த துணிகளை மேஜையில் போட்டு மடித்துக்கொண்டிருந்தாள். பூட்டை அதன் நடுவில் டொக்கென்று வைத்தேன்.

"யார் பண்ணின வேலை இது?"

"நான்தான்" என்றாள், தலைகூட நிமிரவில்லை. "புதன்கிழமை பூட்டை மறந்துட்டு வேலைக்குப் போனீங்க. சாவியோட அதைச் சாவிக்கடைக்காரர்கிட்ட கொடுத்து அஞ்சு பின்னை எடுக்கச் சொன்னேன்."

"என்னைப் பார்த்தா அவ்வளவு இளப்பமா இருக்கா? இவன் எங்க ஜெயிக்கப் போறான்னு முடிவே பண்ணிட்டியா?"

"நீங்க ஜெயிச்சா என்ன, தோத்தா என்ன?" கையிலிருந்த துண்டைக் கீழே வைத்தாள். "இதே மேஜைல மூணு மாசமா எதிர்ல உட்கார்ந்து சாப்பிடறேன். ஒரு நாள் நிமிர்ந்து பார்த்திருப்பீங்களா? ஆஸ்பத்திரியில என் வேலையை மருந்துக் கிடங்குலேர்ந்து வேற இடத்துக்கு மாத்திட்டாங்க. தெரியுமா?"

"எப்போ?"

"போன மாசம். மூணு தடவை சொன்னேன். மூணு தடவையும், 'ஷ்ஷ், டிக் சத்தம் கேக்கணும்'னு கையைக் காட்டினீங்க."

பூட்டின் பக்கம் போன கையை இழுத்துக்கொண்டேன்.

"சனியன், அது திறந்துட்டாலாவது என் பக்கம் திரும்புவீங்கன்னு நினைச்சேன். திறந்தீங்க. உடனே டாக்டருக்குப் போன் போட்டீங்க."

அடுக்கிக்கொண்டு வந்த கேள்விகளில் ஒன்றுகூட நினைவில் இல்லை. வெட்கமாக இருந்தது. பூட்டைத் துணிகளுக்கு நடுவிலிருந்து எடுத்து எங்கே வைப்பது என்று தெரியாமல் தரையில் வைத்துவிட்டு, அவளுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"எங்கே மாத்தினாங்க?" என்று கேட்டேன்.

அவள் உடனே சொல்லவில்லை. மீதித் துணியெல்லாம் மடித்து முடிக்கும்வரை என்னைக் காக்க வைத்தாள். அவள் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தேன்.