உப்பரசியின் வெற்றிடம்

எட்டு மாதம் கழித்து 'உப்பரசி'யின் நூற்று நாற்பத்தோராவது பகுதி வெளியானபோது ரக்ஷனா சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தாள். பைக்குள் கைப்பேசி விடாமல் அதிர்ந்தது. மீன்காரர் கொடுவாயைச் செதில் சீவிக்கொண்டிருக்க, அவள் ஈரத்தரையில் நின்றபடியே படிக்கத் தொடங்கினாள்.

'உப்பரசி' இணையத்தில் மட்டும் வரும் சித்திரக்கதை. 'தவளை' என்ற புனைபெயரில் யாரோ ஒருவர் ஆறு வருடமாகத் தமிழில் வரைந்து இலவசமாகப் போட்டுவந்தார். மூடுபனிக் கடலின் நடுவே ஒரு தீவு. அங்கே இருக்கிற உப்பரசி, மனசுக்குப் பிடித்த ஆட்களைக் கடத்திவந்து உப்புச் சிலையாக்கி முற்றத்தில் நிறுத்திக்கொள்வாள். அவள் தூக்கிக்கொண்டு போன கயலன் என்ற பையனைத் தேடி அவன் அக்காள் முகிலை தோணியில் கிளம்பியதுதான் கதை. நூற்று நாற்பதாவது பகுதி, அவள் தீவில் கால் வைப்பதோடு நின்றிருந்தது. அதோடு தவளை காணாமல் போய்விட்டார்.

இப்போது வந்திருந்த பகுதி விசித்திரமாக இருந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் வலப்பக்கத்தில் மட்டுமே படம். இடப்பக்கம் வெறும் வெள்ளை. சிலைகள் வலது ஓரத்தில் ஒன்றையொன்று நெருக்கியடித்து நின்றன. முகிலையின் முகத்தில் ஒரு கண், பாதி மூக்கு, பாதி வாய். கடைசிக் கட்டத்தில் அவள் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் வெள்ளையை நோக்கிக் கையை நீட்டியிருந்தாள். அந்தக் கைக்கு எதிரே ஒன்றுமே இல்லை.

ரக்ஷனாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

'உப்புக் கூட்டம்' என்ற ரசிகர் குழுவில் அறுநூறு பேர் இருந்தார்கள். சிங்கப்பூர், கோலாலம்பூர், சென்னை, டொராண்டோ என்று எங்கெங்கிருந்தோ. ஆளுக்கொரு கணிப்பு. வெள்ளை என்பது மூடுபனி என்றார் ஒருவர். முகிலையும் பாதி உப்பாகிவிட்டாள் என்றார் இன்னொருவர். ரக்ஷனாவின் கணிப்புக்காகத்தான் எல்லாரும் காத்திருந்தார்கள். உப்பரசியின் மோதிரத்தைப் பற்றி அவள் முன்பு சொன்னது அப்படியே பலித்திருந்ததால் குழுவில் அவளுக்குத் தனி மரியாதை.

அன்று மத்தியானம் கோப்பிக்கடையில் பாலில்லாத தே ஓ ஆறிப்போக, மீன் பையில் நாற ஆரம்பிக்க, அவள் ஒரே மூச்சில் எழுதினாள். கயலன் என்று ஒரு தம்பி இருந்ததே இல்லை. இல்லாதவனைத் தேடித்தான் முகிலை இத்தனை கடல் கடந்தாள். நாம் ஆறு வருடமாகத் தேடியதும் அந்த வெள்ளையைத்தான். இதைவிடத் துணிச்சலான முடிவைத் தமிழில் எந்தச் சித்திரக்கதையும் தந்ததில்லை.

சாயங்காலத்துக்குள் அது ஊரெல்லாம் பரவிவிட்டது. யாரோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்கள். குழுவில் அவளுக்கு மிகவும் நெருக்கமான ரஷீதா, பலதுறைத் தொழிற்கல்லூரியில் வடிவமைப்பு சொல்லிக்கொடுப்பவள், போனிலேயே கத்தினாள்.

"ரக்ஷு, seriously, நீ எழுதினதைப் படிச்சிட்டு அழுதுட்டேன் லா. தவளை மட்டும் இதைப் பாத்தாருன்னா நேரா உன்னைத் தேடி வந்துடுவாரு!"

ரக்ஷனா சந்தோஷமாகத்தான் தூங்கப்போனாள்.

திங்கட்கிழமை அந்தச் சந்தோஷம் போயிற்று. அவள் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு மறுவாழ்வு மையத்தில் தெரபிஸ்ட். பக்கவாதம் வந்தவர்களுக்குச் சட்டைப் பொத்தான் போடவும் தட்டிலிருந்து சிந்தாமல் சாப்பிடவும் திரும்பக் கற்றுக்கொடுப்பது வேலை. அன்று காலை புதிதாக வந்தவர் முத்துசாமி, ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். வழக்கமான சோதனைதான். கடிகாரம் ஒன்று வரையச் சொல்லிக் காகிதத்தைத் தள்ளினாள்.

அவர் நிதானமாக ஒரு வட்டம் போட்டார். பன்னிரண்டு எண்களையும் வலது பாதியிலேயே ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கி எழுதினார். இடது பாதி வெள்ளையாகக் கிடந்தது.

"முடிச்சிட்டீங்களா அங்கிள்?"

"முடிச்சாச்சு. நல்லா வந்திருக்குல?"

மூளையின் வலது பக்கம் அடிபட்டவர்களில் சிலருக்கு இப்படி ஆகும். கண் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் உலகத்தில் இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே மனசுக்கு மறந்துபோகும். தட்டில் பாதிச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் போடு என்பார்கள். பாதி முகத்தைச் சவரம் செய்துகொண்டு வெளியே கிளம்புவார்கள். ஏதோ விடுபட்டிருக்கிறது என்ற நினைப்பே அவர்களுக்கு வராது.

ரக்ஷனா ஒன்பது வருடமாக இப்படிப்பட்ட கடிகாரங்களைப் பார்த்துவருகிறாள்.

அவள் கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு நூற்று நாற்பத்தொன்றை மறுபடி திறந்தாள். நெருக்கியடித்த சிலைகள். வலது ஓரத்தில் குவிந்த வசனங்கள். பாதி முகம். இரண்டு நாள் முன்பு இதைத்தான் துணிச்சலான முடிவு என்று எழுதியிருந்தாள். முதல் கட்டத்திலேயே தெரிந்திருக்க வேண்டியவள் அவள் ஒருத்திதான்.

இணையப் பக்கத்தில் இருந்த மின்னஞ்சலுக்கு எழுதினாள். ரசிகை என்றும், தன் வேலை இன்னதென்றும், ஏதாவது உதவி தேவையா என்றும் நாலு வரி. மூன்றாம் நாள் பதில் வந்தது. தவளையின் மனைவி சுசீலா எழுதியிருந்தார். 'சனிக்கிழமை வாம்மா. தயவுசெய்து யாரிடமும் சொல்லாதே.'

புக்கிட் பாத்தோக்கில் ஒரு வீவக அடுக்குமாடி புளோக், ஒன்பதாவது மாடி. சென்னையிலும் டொராண்டோவிலும் ரசிகர்கள் தேடிக்கொண்டிருந்த மனிதர் பாசிர் ரிஸ்ஸில் இருக்கும் அவள் வீட்டிலிருந்து ஒரு ரயில் பயண தூரத்தில்தான் இருந்திருக்கிறார். பெயர் ரெங்கசாமி. ஐம்பத்து நான்கு வயது. விளம்பர நிறுவனம் ஒன்றில் ஓவியராக இருந்தவர். சன்னலோர நாற்காலியில் இடது கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே மேசையில் திரையோடு கூடிய வரைபலகை.

"வாம்மா வா. இங்க, இந்தப் பக்கம் வந்து உக்காரு." குரலில் உற்சாகம் பொங்கியது. "சுசீ, தே போடு. என்னோட வாசகியை நேர்ல பாக்குறது இதுதான் first time."

சுசீலா அடுப்படியிலிருந்தே ரக்ஷனாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு கெஞ்சல் இருந்தது. ரக்ஷனா அதைக் கவனித்தாள். ஆனால் எதற்கென்று அப்போது புரிந்துகொள்ளவில்லை.

"கொஞ்சம் உடம்பு சரியில்லாம போச்சு. கை ஒண்ணு வரமாட்டேங்குது. அதனால என்ன, வரையுற கை நல்லாதானே இருக்கு? சரி சொல்லு. நூத்தி நாப்பத்தொண்ணு எப்படி?"

"எல்லாரும் அதைப் பத்திதான் பேசுறாங்க அங்கிள்."

"பேசுறாங்க, பேசுறாங்க. சுசீ படிச்சுக் காட்டுறா. ஆனா ஒண்ணு புரியலை. ஏதோ வெற்றிடம் வெற்றிடம்னு எழுதுறாங்களே, என்ன வெற்றிடம்? கட்டம் fullஆ போட்டிருக்கேன். அதுல எவளோ ஒருத்தி, கயலன்னு ஒருத்தனே இல்லைன்னு எழுதிட்டாளாம்." விழுந்து விழுந்து சிரித்தார். "கடைசிக் கட்டத்துல அக்காவும் தம்பியும் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்குறாங்க. அதைப் பாத்துட்டுமா அப்படி எழுதுவா?"

ரக்ஷனா சொல்லிவிட்டாள். "அது நான்தான் அங்கிள்."

அவர் சிரிப்பை நிறுத்தினார். கோபப்படவில்லை, முன்னால் சாய்ந்து, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியவர்போலக் கேட்டார். "ஏம்மா, நீ கயலனைப் பாக்கலையா? அவன் மூஞ்சிக்கு மட்டும் நாலு நாள் ஆச்சு. ஆறு வருஷமா அவன் மூஞ்சியை நான் காட்டவே இல்லையே. இதுக்காகத்தானே வச்சிருந்தேன்."

தேநீர்க் கோப்பைகளோடு வந்த சுசீலா அவருக்குப் பின்னால் நின்று வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினார். ரக்ஷனா அதைப் பார்த்தாள். பார்த்தும், வேலையில் பழகிய ஏதோ ஒன்று அவளை முந்திக்கொண்டது. நோயாளிக்குத் தன் குறை தெரிந்தால்தான் பயிற்சி தொடங்க முடியும். அப்படித்தான் அவள் படித்திருந்தாள், அப்படித்தான் எல்லாருக்கும் செய்தாள்.

"அங்கிள், ஒரு நிமிஷம்." கடைசிக் கட்டத்தைத் திறந்து வரைபலகையைத் தலைகீழாகத் திருப்பி வைத்தாள். இடப்பக்கம் இருந்த வெள்ளை இப்போது அவருடைய வலப்பக்கம் வந்தது.

ரெங்கசாமி பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நல்ல கையை வெள்ளையின்மேல் வைத்துத் தடவினார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"யாரு அழிச்சா?"

"யாரும் அழிக்கலை அங்கிள். நீங்க வரையுறப்போ..."

"சுசீ! நீதானே இதை ஏத்தினே? நீதானே ஏதோ பட்டனை அமுக்கினே? என் பையன் எங்கே?"

"நான் எதையும் தொடலைங்க."

"பொய் சொல்லாதே! நாலு நாள் வரைஞ்சேன்!" கோப்பையைத் தட்டிவிட்டார். சுடுதேநீர் மேசையெல்லாம் ஓடியது. பிறகு குழந்தையைப்போல அழத் தொடங்கினார். பாதி முகம்தான் அழுதது, மற்றப் பாதி அசையாமல் இருந்தது.

லிஃப்ட் வரை வந்த சுசீலாவின் குரலில் கோபம்கூட இல்லை.

"ஆஸ்பத்திரியிலேயே எல்லாம் சொன்னாங்கம்மா. சொன்ன அன்னைக்கு அழுவாரு, மறுநாள் மறந்துடுவாரு. அப்புறம் நான் சொல்றதையே விட்டுட்டேன். அந்தப் படத்தை ஏத்துறப்ப எனக்குப் பயமா இருந்துச்சு, எல்லாரும் சிரிப்பாங்கன்னு. நீங்கல்லாம் ஆஹா ஓஹோன்னு எழுதினீங்க. எட்டு மாசத்துல அவரு நல்லா சாப்பிட்டது அந்த ஒரு வாரம்தான். அதைப் போயி..." திரும்பிக்கொண்டார்.

ரக்ஷனா தன் கட்டுரையை அன்றைக்கே நீக்கினாள். ரஷீதா காரணம் கேட்டதற்கு, "தப்பா எழுதிட்டேன்னு தோணுச்சு" என்று மட்டும் சொன்னாள். வேறு எதுவும் சொல்வதற்கில்லை, யாரிடமும் சொல்லாதே என்று சுசீலா கேட்டிருந்தார். நீக்கியும் பயனில்லை. நூறு இடத்தில் அதன் நகல் உலவியது. 'ரக்ஷு ஏன் நீக்கினாள்? தவளையே நீக்கச் சொல்லிவிட்டாரா?' என்று புதிதாக ஒரு விவாதம் கிளம்பியது.

ரெங்கசாமி இந்த முறை மறக்கவில்லை. அதுதான் கொடுமை. இரண்டு வாரம் கழித்து அவரே ஆளனுப்பாத குறையாக அவளைக் கூப்பிட்டார். "அந்தப் பக்கத்தைத் தேடக் கத்துக்கொடு. கயலனைப் போட்டே ஆகணும்" என்றார். பலகையின் இடது ஓரத்தில் அவள் சிவப்பு நாடா ஒட்டினாள். சிவப்பு தெரிகிறவரை தலையைத் திருப்ப வேண்டும், அங்கிருந்து கோட்டை இழுத்துக்கொண்டு வரவேண்டும். வாராவாரம் சனிக்கிழமை போனாள். சுசீலா தேநீர் வைப்பார், பேசமாட்டார்.

அவர் வியர்க்க வியர்க்கத் தேடினார். சில நாள் சிவப்பைக் கண்டும் பிடித்தார். ஆனால் அங்கே கையைக் கொண்டுபோன நொடியே வலப்பக்கம் இழுத்துக்கொள்ளும். பையனின் தோள் ஒரு மூலையில், காது இன்னொரு மூலையில் வந்தது. பலகையைத் திருப்பி வைத்துக் கயலனைத் தனியாக வரைந்துபார்த்தார். அவனும் பாதியாகத்தான் வந்தான். இரண்டு பாதிகளையும் ரக்ஷனா கணினியில் ஒட்டிக் காட்டினாள். அக்காளின் கை தம்பியின் கழுத்தை வெட்டுவதுபோல இருந்தது.

பத்தாவது வாரம் பேனாவைக் கீழே வைத்தார்.

"போதும்மா. உள்ளே முழுசாதான் இருக்கான். வெளியேதான் வரமாட்டேங்குறான்."

"இன்னும் கொஞ்ச நாள் பாப்போம் அங்கிள்."

"நீ நல்ல பொண்ணு. பொய் சொல்ல வரலை உனக்கு." சன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஒண்ணு செய். நான் சொல்றதை எழுதி என் பேர்ல போட்டுடு. அவங்களாவது தெரிஞ்சுக்கட்டும்."

அவர் சொன்னதை அப்படியே தட்டினாள். 'முகிலை கயலனைக் கண்டுபிடித்துவிட்டாள். இருவரும் வீடு திரும்பினார்கள். கதை முடிந்தது. இத்தனை நாள் கூட வந்ததற்கு நன்றி. தவளை.'

ஐந்தே நிமிடத்தில் பதில்கள் வந்து விழுந்தன. 'கணக்கை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள்.' 'தவளை இவ்வளவு சப்பையாக முடிக்கவே மாட்டார்.' 'வீடு என்று சொல்வது சாவை. இருவருமே இறந்துவிட்டார்கள்.' 'ஒவ்வொரு வாக்கியத்தின் முதல் எழுத்தையும் சேர்த்துப் படியுங்கள்.' ஒருவர்கூட, அறுநூறு பேரில் ஒரே ஒருவர்கூட, நம்பவில்லை.

"என்ன சொல்றாங்க?" என்று கேட்டார் ரெங்கசாமி.

ரக்ஷனா கைப்பேசியைத் தன் மடியில் கவிழ்த்தாள். "சந்தோஷப்படுறாங்க அங்கிள். ரெண்டு பேரும் சேந்துட்டாங்கன்னு."

அவர் அவள் முகத்தையே பார்த்தார். நம்பினாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. தலையை ஒருமுறை அசைத்தார். களைப்பாக இருக்கிறது என்றார். சுசீலா வந்து அவரைக் கைத்தாங்கலாக எழுப்பி உள்ளே அழைத்துப்போனார். போகிற வழியில் அவருடைய இடது தோள் கதவு நிலையில் இடித்தது. அவர் நின்று, எது இடித்தது என்று வலப்பக்கமே திரும்பிப் பார்த்தார்.

ரக்ஷனா மேசையைத் துடைத்தாள், சிவப்பு நாடாவை உரித்துக் குப்பையில் போட்டாள், செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினாள். புளோக்கின் அடியில் இரண்டு பேர் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார்கள். மழை பிடித்துக்கொண்டது. ரஷீதாவிடமிருந்து செய்தி வந்திருந்தது: 'ரக்ஷு, எல்லாரும் உன்னைத்தான் கேக்குறாங்க. இதுக்கு என்ன அர்த்தம்னு நீ சொன்னாத்தான் தெரியும்.'

அவள் குழுவிலிருந்து விலகினாள். குடை இல்லை. மழை விடும் வரை அங்கேயே நின்றாள், அது விடுகிற மாதிரி தெரியவில்லை.