அடிக்குறிப்பு விடுபட்ட பக்கம்

பெண்ணியம் என்ற சொல் பிறப்பதற்கு முன்பே அதை யோசித்துவிட்ட பெண்களைப் பற்றிப் பேராசிரியை ஒரு புத்தகம் எழுதியிருந்தாள். நானூறு பக்கம், ஆறு வருட உழைப்பு. ப்ரூஃப் யாரிடம் போயிருக்கிறது என்று பதிப்பகத்தார் போனில் சொன்னபோது அவள் பெயரை இன்னொரு தடவை கேட்டாள். அது போயிருந்தது அவளுடைய சொந்தத் தங்கையிடம்.

தங்கை பதினைந்து வருடமாக வீட்டிலிருந்தபடியே பிழை திருத்துகிறவள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள் என்று பதிப்பகங்களில் பேர் வாங்கியவள். ஏழாம் அத்தியாயம் அவள் கண்ணுக்குத் தப்பாது. அக்காவின் பேரும் புகழும் அந்த அத்தியாயத்தில்தான் இருந்தன, அவளுடைய களவும் அதில்தான் இருந்தது.

இருநூறு வருடத்துக்கு முன் ஒரு நீதிபதியின் பெயரில் சின்ன நூல் ஒன்று வந்தது. பெண்ணுக்கு அறிவு குறைவு என்று சொல்கிறவர்கள், அவளை யாரும் கூப்பிடாத ஒரு மணி நேரத்தை அவளுக்குக் கொடுத்துப் பார்த்தார்களா என்று அதில் ஒரு வரி. அந்தக் காலத்திலேயே ஒரு ஆண்பிள்ளை இப்படி எழுதினாரே என்று அறிஞர்கள் அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். நூல் அவர் தங்கை எழுதியது என்று நிரூபித்தவள் நம் பேராசிரியை. அதற்காகப் பரிசு வந்தது, பதவி உயர்வு வந்தது. "வாசித்துக்கொண்டிருந்தபோது எனக்குச் சட்டென்று புலப்பட்டது" என்று மேடைக்கு மேடை சொன்னாள். முதல் இரண்டு தடவை நாக்கு தடுமாறியது. பிறகு பழகிவிட்டது.

உண்மையில் புலப்பட்டது தங்கைக்கு. ஒன்பது வருடத்துக்கு முன், கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, அக்கா மேஜையில் கிடந்த நகலைப் பொழுதுபோகாமல் புரட்டியவள் அவள்.

"அக்கா, இதை எழுதினது குழந்தைக்குப் பால் குடுத்துக்கிட்டிருந்த பொம்பளை. பாரு, முன்பாதியில எந்த யோசனையும் அரைப் பக்கத்தைத் தாண்டல. ஒவ்வொரு தடவையும் விட்ட இடத்தைத் தனக்கே ஞாபகப்படுத்திட்டுத்தான் ஆரம்பிக்கிறா. பின்பாதியில குழந்தை வளந்துருச்சு, யோசனையும் நீண்டுருச்சு. நான் ப்ரூஃப் பாக்குறதும் இப்படித்தானே?"

அக்கா அப்போது சிரித்து வைத்தாள். மறுநாளே ஆவணக் காப்பகத்துக்கு ஓடினாள். மூன்று மாதம் தூசியில் புரண்டு பழைய கடிதங்களைப் படித்ததில், நீதிபதியின் தங்கை கணவனை இழந்து கைக்குழந்தையோடு அண்ணன் வீட்டில் இருந்தது தெரிந்தது. அவள் கையெழுத்தில் கைப்பிரதியும் கிடைத்தது. தேடி எடுத்தது நான்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்த ஒரு சமாதானத்தை வைத்து ஒன்பது வருடம் ஓட்டியது பெரிய சாமர்த்தியம்தான். அது போதாதென்று, கூடப் பிறந்தவளின் யோசனையைத் தன் பெயரில் போட்டுக்கொண்ட நீதிபதியைப் புத்தகத்தில் பத்துப் பக்கத்துக்குக் கிழித்திருந்தாள்.

அன்று மதியம் தங்கை வீட்டுக்குப் போனாள். சாப்பாட்டு மேஜை முழுக்கத் தாள்கள் பரப்பியிருந்தன. தங்கை குடிக்கத் தண்ணீர் கொடுத்து, முடிந்துவிட்டது, ஒரு தடவை பார்த்துக்கொள் என்று தாள்கட்டை நகர்த்திவிட்டாள். பேராசிரியை நேராக ஏழாம் அத்தியாயத்தைப் புரட்டினாள். நீதிபதியைத் திட்டிய பத்துப் பக்கத்திலும் காற்புள்ளி முதற்கொண்டு பார்த்துப் பார்த்துத் திருத்தியிருந்தது. 'எனக்குச் சட்டென்று புலப்பட்டது' என்ற வரிக்குப் பக்கத்தில், ஓரத்தில், சிவப்பு மையில் இப்படி இருந்தது: 'அடிக்குறிப்பு விடுபட்டுள்ளது. ஆசிரியர் கவனிக்க.'

பிழை திருத்துகிறவர்கள் எழுதியவரின் கருத்தில் கை வைக்கக் கூடாது. இப்படி ஓரத்தில் கேட்டுவைக்கலாம், அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று பேராசிரியைக்கு இருந்தது. வெட்கத்தில் காது சுட்டது.

"இதுக்கு என்னடி போடட்டும்?"

"அது எழுதினவங்க வேலை. நான் கேக்கத்தான் முடியும்."

பேராசிரியை பேனாவை எடுத்தாள். 'இதை முதலில் கவனித்துச் சொன்னவர் என் தங்கை' என்று பக்கத்தின் அடியில் எழுதினாள். எழுதி முடித்ததும் மனது லேசானது. தன் நேர்மையை நினைத்துக் கொஞ்சம் பெருமைகூட வந்தது. தாளைத் தங்கை பக்கம் தள்ளினாள்.

தங்கை வாசித்தாள். சிவப்புப் பேனாவை எடுத்து அதன் ஓரத்தில் எழுதினாள்: 'பெயர் இல்லை. ஆசிரியர் கவனிக்க.'

பேராசிரியை தாளைத் திரும்ப இழுத்து, தங்கையின் பெயரை முதலெழுத்தோடு முழுதாக எழுதினாள். தாளை மறுபடி அவள் பக்கம் தள்ளினாள். தங்கை பார்த்துத் தலையாட்டிவிட்டுத் தாள்களை அடுக்கத் தொடங்கினாள்.

"எனக்கு இது போதும்க்கா. ஆனா நீ பரிசு வாங்கின அன்னிக்கு அம்மா என் பக்கத்துல உக்காந்திருந்தாங்க. உனக்கும் அக்கா மாதிரி கொஞ்சம் மூளை இருந்திருக்கலாம்னு என்கிட்ட சொன்னாங்க. நான் ஒண்ணும் சொல்லல. நீயே ஒருநாள் அம்மாகிட்ட சொல்லுவேன்னு இருந்துட்டேன்."

அம்மா காலமாகி நாலு வருடம் ஆகிவிட்டது. பேராசிரியை மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். தாள்கள் நனைந்துவிடாமல் தங்கை கட்டை மெதுவாக இழுத்து அந்தப் பக்கம் வைத்தாள்.