வெள்ளிக்கிழமை வரை வாயைத் திறக்காதே

திங்கட்கிழமை காலை, ஆராய்ச்சிக்கூடத்தில் புரொபசரம்மா கேக் வெட்டினார். பக்கத்தில் நின்று தட்டு நீட்டியவள் பொடிசு.

பொடிசு என்பது வீட்டுப் பெயர். வயது முப்பத்து மூன்று. ஹார்மோன் ஆராய்ச்சியில் டாக்டர் பட்டம் வாங்கியவள். கூடத்தின் ரத்தப் பரிசோதனை முழுக்க அவள் பொறுப்பு. வீட்டில் மட்டும் இன்னும் பொடிசுதான்.

கேக்குக்குக் காரணம் நாற்பது பெண்கள். எல்லோருக்கும் பி.சி.ஓ.எஸ். சினைப்பையில் நீர்க்கட்டி, மாதக்கணக்கில் தள்ளிப்போகும் விலக்கு, தாடையில் முடி, தலையில் வழுக்கை. மூன்று மாதம் புரொபசரம்மாவின் புது மருந்து சாப்பிட்டார்கள். ஏறிக் கிடந்த ஆண் ஹார்மோன் பாதியாகச் சரிந்துவிட்டது! வெள்ளிக்கிழமை மருந்து கம்பெனிக்காரர்கள் வந்து ஒப்பந்தம் போடுகிறார்கள். அடுத்து ஐயாயிரம் பெண்கள்.

"விலக்கு இன்னும் பாதிப் பேருக்கு ஒழுங்கா வரலையே மேடம்" என்றாள் பொடிசு மெல்ல.

"நம்பர் இறங்கிடுச்சில்ல? மத்ததெல்லாம் பின்னாலயே வரும். நீ கேக்கைச் சாப்பிடு."

பொடிசு எடுத்த துண்டைத் தட்டிலேயே திரும்ப வைத்தாள். அந்தப் பாதிப் பேரில் ஒருத்தி அவளுடைய அண்ணி.

கல்யாணமாகி ஐந்து வருடம், குழந்தையில்லை. அண்ணன் கடைசியாக ஒரு கெடு வைத்தான். இந்த மருந்துக்கும் சரியாகாவிட்டால் பிரிந்துவிடலாம் என்றான். சரியாகவில்லை. அண்ணி சண்டை போடவில்லை. "என்னால ஒரு நல்ல மனுஷனுக்கு ஏன் கஷ்டம்?" என்று தானே பெட்டியைக் கட்டிக்கொண்டு பெண்கள் விடுதிக்குப் போய்விட்டாள். இருவரும் சம்மதித்ததால் குடும்பநல நீதிமன்றம் காத்திருப்புக் காலத்தையும் தள்ளுபடி செய்துவிட்டது; கடைசிக் கையெழுத்து மட்டும் பாக்கி. அதுவும் இதே வெள்ளிக்கிழமை.

அன்று மத்தியானம் கடைசி முறையாக ரத்தம் கொடுக்க வந்திருந்தாள் அண்ணி. முழங்கையில் பஞ்சை அழுத்திக்கொண்டே கேட்டாள்.

"பொடிசு, இதோட முடிஞ்சுதுல்ல? இனிமே என் முடி மாத்திரையைப் போடலாமா?"

"எந்த முடி மாத்திரை?"

"அதான், உங்க அண்ணன் வாங்கித் தருவாரே. 'போட்டோவுல என் பக்கத்துல நிக்கிற, கொஞ்சமாவது முடி வேண்டாமா'ன்னு. நாலு வருஷமா தின்னுக்கிட்டுதான் இருந்தேன். இங்க சேர்ந்து முதல் ரத்தம் கொடுத்ததும் வேற எதுவும் சாப்பிடக் கூடாதுன்னாங்க, நிறுத்திட்டேன்."

"சேரும்போது வேற மருந்து சாப்பிடுறீங்களான்னு கேட்டாங்களே அண்ணி?"

"மருந்துன்னுதானே கேட்டாங்க? இது முடிக்குப்பா. பவுடர், சோப்பெல்லாம் சொல்லவா முடியும்?"

பொடிசு கையிலிருந்த ரத்தக் குழாயைக் கீழே வைத்தாள்.

முடி மாத்திரை என்றால் பயோட்டின். சாதாரண வைட்டமின்தான். ஆனால் கூடத்திலுள்ள மெஷின் ரத்தத்தில் ஹார்மோனைப் பிடிக்க ஒரு பசையை உபயோகிக்கிறது. அந்தப் பசை ஒட்டுவதே பயோட்டினை வைத்துத்தான். ரத்தத்திலேயே பயோட்டின் வழிந்தால் மெஷின் ஏமாறும். இல்லாத ஆண் ஹார்மோனை இருப்பதாகக் காட்டும். மாத்திரையை நிறுத்தினால் தானாகவே இறங்கும்.

அப்படியென்றால் நம்பரை இறக்கியது மருந்து இல்லை. மாத்திரையை நிறுத்தியதுதான்!

மருந்து சாப்பிட்டவர்களை, வெறும் மாவு மாத்திரை சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் குட்டு அன்றே உடைந்திருக்கும். புரொபசரம்மா மறுத்துவிட்டார். "கஷ்டப்படுற பொண்ணுங்களுக்கு மாவைக் கொடுக்க எனக்கு மனசு வரலை."

பொடிசு கதவைச் சாத்திக்கொண்டு, ஆராய்ச்சியிலிருந்த மற்ற பெண்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டாள்.

"முடிக்கு ஏதாவது சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்களா?"

"மாத்திரையெல்லாம் இல்லை மேடம். கரடி பொம்மை மாதிரி ஒரு மிட்டாய். தினம் ரெண்டு. டேஸ்ட்டா இருந்தா நாலு."

அடுத்தவள் சிரித்தாள். "முடி இருந்தா நான் ஏன் மேடம் உங்க ஆராய்ச்சிக்கு வர்றேன்? ஆமா, பெரிய டப்பாவா வாங்கி வெச்சிருந்தேன்."

கேட்ட இடமெல்லாம் அதே கதை. வழுக்கை விழுகிற வியாதி. விழுகிறவர்கள் முடிக்கு எதையாவது விழுங்காமலா இருப்பார்கள்?

ஆரம்பத்திலும் மருந்துக்குப் பிறகும் எடுத்த ரத்தம் உறைபெட்டியில் இருந்தது. பக்கத்துக் கட்டடத்தில் வேறொரு மெஷின். அதற்குப் பசை வேண்டாம். மூலக்கூறை நேராக எடைபோடும். பொடிசு முறையாக எழுதிக் கொடுத்து, எல்லோருடைய ரத்தத்தையும் அங்கே அனுப்பினாள். எந்நேரமும் சோர்ந்து தூங்கும் அண்ணியின் ரத்தத்தில் மட்டும் பயோட்டினை வடிகட்டிவிட்டுத் தைராய்டையும் பார்க்கச் சொன்னாள். பயோட்டின் அந்தப் பரிசோதனையில் தலைகீழாக விளையாடும். ஏறியிருப்பதை இறக்கிக் காட்டும்.

புதன்கிழமை முடிவு வந்தது. மருந்துக்கு முன்னும் பின்னும் ஆண் ஹார்மோனில் ஒரு மாற்றமும் இல்லை.

அண்ணிக்கு ஆண் ஹார்மோன் ஏறவே இல்லை. தைராய்டுதான் படுத்துக் கிடந்தது. அதைத் தட்டியெழுப்ப மூளை அனுப்பும் ஹார்மோன் கூரையைத் தொட்டிருந்தது. முடி கொட்டியது, உடம்பு பருத்தது, விலக்கு தள்ளியது, கரு நிற்காதது, உட்கார்ந்த இடத்திலேயே தூங்கியது, எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம். காலையில் வெறும் வயிற்றில் ஒரு பொடி மாத்திரை போட்டால் போதும். சின்ன மருந்துக்கடையில்கூடக் கிடைக்கும். முன்பு பரிசோதித்த ஒவ்வொரு முறையும் அதை மறைத்தது, அண்ணன் வாங்கிக் கொடுத்த முடி மாத்திரை.

பொடிசு ஓட்டமும் நடையுமாக புரொபசரம்மாவின் அறைக்குப் போனாள்.

அவர் காகிதத்தை ஒரு தடவைதான் பார்த்தார். புரிந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது.

"உங்க அண்ணியோட ரத்தம் நம்ம ஆராய்ச்சியில எப்படி வந்துச்சு?"

"ஆள் சேரலைன்னு சொந்தக்காரங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னதே நீங்கதானே மேடம்?"

"நான் சொன்னேன்னு நீ சொல்லுவே. குடும்பத் தகராறுல ரிசல்ட்டைத் திரிச்சுட்டான்னு நாலு பேர் சொல்லுவாங்க. யோசிச்சுக்கோ." பிறகு குரலை இறக்கினார். "பதினெட்டு வருஷம்மா இந்த மருந்து. நானும் பார்க்கத்தான் போறேன், மறுபடி சோதிக்கத்தான் போறேன். வெள்ளிக்கிழமை மட்டும் முடியட்டும்."

அன்று சாயங்காலம் பொடிசு ஒரு தப்பு செய்தாள். அண்ணியிடம் சொல்லும் முன் அண்ணனைத் தயார்செய்துவிடலாம் என்று நினைத்துவிட்டாள்.

"அண்ணா, அண்ணிக்கு நீர்க்கட்டி வியாதியே இல்லை. தைராய்டு. ஒரே மாத்திரையில சரியாயிடும். குழந்தையும் பிறக்கும். கோர்ட்டைத் தள்ளிப் போடு."

அண்ணன் டி.வி.யின் சத்தத்தைக் குறைத்தான். சந்தோஷப்படுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் முகம் இறுகியது.

"அவகிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்லை."

"சொல்லாதே. சொன்னா ஒட்டிக்குவா. இத்தனை வருஷம் நான் பட்டது போதும்."

"நீ பட்டியா? அவங்களை நீ மலைப்பாம்புன்னு கூப்பிட்டே. 'தின்னுட்டு சுருண்டுக்கிறா'ன்னே. அது வியாதிண்ணா."

சமையலறையிலிருந்து அம்மா வந்தாள். "ஏண்டி, படிச்சிட்டா அண்ணன் தலையில மண்ணள்ளிப் போடணுமா? அங்க ஒரு இடத்துல வாக்கு கொடுத்தாச்சு. பொண்ணு வீட்டுக்காரங்களுக்கு என்ன பதில் சொல்றது? மாத்திரைதானே, அவ எங்க இருந்தாலும் போட்டுக்கலாம்."

"வெள்ளிக்கிழமை முடியட்டும்" என்றான் அண்ணன். "அப்புறம் நீ என்ன வேணா சொல்லிக்கோ."

அதே வார்த்தை. காலையில் ஏ.சி. அறையில் கேட்டது, இப்போது டி.வி. முன்னால். பொடிசு அன்று தூங்கவில்லை.

வியாழக்கிழமை வேலைக்குப் போனதும் முதல் காரியமாக, ஆராய்ச்சிகளைக் கண்காணிக்கும் குழுவுக்கும் மருந்து கம்பெனிக்கும் இரண்டு மெஷின்களின் முடிவுகளையும் அனுப்பினாள். பிறகு நேரே விடுதிக்குப் போனாள்.

சின்ன அறை. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, கயிற்றில் காயும் துணி. அண்ணி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே வெயில் கொளுத்தியது.

பொடிசு ஒன்றையும் மறைக்கவில்லை. பசை, மெஷின், மிட்டாய்க் கரடி, தைராய்டு, எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணனும் அம்மாவும் சொன்னதையும் சொன்னாள்.

அண்ணி நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் சோம்பேறி இல்லை?"

"இல்லை அண்ணி."

"நெஜமாவே எந்திரிக்க முடியலைன்னு சொல்வேனே. ஒருத்தரும் நம்பலை. கடைசியில நானே நம்பலை, பொடிசு. இவ நடிக்கிறான்னு என்னை நானே திட்டிக்குவேன்." கண்ணைத் துடைத்தாள். "குழந்தை பிறக்குமா?"

"கண்டிப்பா வாய்ப்பு இருக்கு. ஆறு மாசம் மாத்திரை போட்டு லெவல் சரியானதும்…"

"யாரோட?"

பொடிசு ரிசல்ட் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தாள்.

"டீ குடிக்கிறியா?" என்று எழுந்தாள் அண்ணி. "இங்க டீ நல்லாவே இருக்காது. ஆனா சூடா இருக்கும்."

வெள்ளிக்கிழமை காலை பொடிசின் அடையாள அட்டைக்கு ஆராய்ச்சிக்கூடத்தின் கதவு திறக்கவில்லை. காவலாளி அவளைப் பார்க்காமலே, "உங்களை உள்ளே விட வேண்டாம்னு மேடம் சொல்லிட்டாங்க" என்றார். கம்பெனிக்காரர்கள் வரவில்லை, கையெழுத்தும் ஆகவில்லை. விசாரணைக்குக் குழு போட்டிருந்தார்கள். முதலில் விசாரிக்க வேண்டியவள் பொடிசுதானாம். அனுமதியில்லாமல் ரிசல்ட்டை வெளியே அனுப்பிவிட்டாளாம்.

எதிரே பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தபோது போன் அடித்தது. அண்ணன்.

"நீ அவகிட்ட சொல்லிட்டே, இல்லே?"

"சொல்லிட்டேன்."

"எல்லாத்தையும்? சரியாகிடும், குழந்தை பிறக்கும்னு, எல்லாத்தையும்?"

"எல்லாத்தையும்."

"அப்புறம் எதுக்கு அவ கையெழுத்து போட்டா?" அண்ணனின் குரல் உடைந்தது. "கால்ல விழுவா, அழுவான்னு நினைச்சேன். என்ன சொல்லணும்னு வக்கீல்கிட்ட கேட்டு வெச்சிருந்தேன். அவ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கலை பொடிசு. பேனா எழுதலை. பக்கத்துல இருந்தவர்கிட்ட வேற பேனா கேட்டு வாங்கிப் போட்டுட்டுப் போயிட்டா."